கல் சுண்ணாம்பு வாங்கிப் பூசினோம்: ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பழைய வீட்டுக்குக் கல் சுண்ணாம்பு (சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு எடுத்த கட்டி) வாங்கிப் பூசலாமா என்று இதுவரை ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பூசி முடித்த கையோடு எழுதியிருந்தால் வெறும் சந்தோஷத்தைத்தான் எழுதியிருப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும் என்று காத்திருந்து, சுவரைக் கையால் தடவிப் பார்த்து, பீரோவை நகர்த்திப் பின்பக்கத்தையும் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடாக இருந்து, கையில் பணம் குறைவாக இருந்து, உதவிக்கு வர நாலு தோழிகள் இருந்து, அவர்களும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பதினைந்து நாளில் முடிய வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீடு திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையில், சிந்துபூந்துறையில் இருக்கிறது. அத்தையின் மாமனார் காலத்தில் கட்டியது. சுவர் ஒன்றரை அடி அகலம், சின்னச் சின்ன நாட்டுச் செங்கல், எல்லாம் சுண்ணாம்புச் சாந்து. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949-இல்தான் ஓட ஆரம்பித்தது, அதற்கு முந்திய வீடு இது. ஆற்றங்கரை என்பதால் தண்ணீர் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17 ராத்திரி வந்தது வேறு மாதிரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாசலில் (கூடத்தில்) இடுப்பளவு தண்ணீர் நின்றது, ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம், அவ்வளவுதான். தண்ணீர் வடிந்ததும் சகதியை அள்ளி வெளியே போட ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் என் கூடப் படித்த நாலு பேரும் மாறி மாறி வந்து நின்றார்கள். ஒருத்தி அம்பாசமுத்திரத்தில் கணக்கு டீச்சர், ஒருத்தி வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடையில் இருக்கிறாள், ஒருத்தி மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், இன்னொருத்திக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. வீட்டைச் சரிபண்ணுவது பற்றி நான் எழுதும் எதிலும் அவர்கள் நாலு பேரும் இல்லாமல் முடியாது.

வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலை தப்பாகப் போனது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இப்போதும் அதைத்தான் செய்கிறார்கள். சுவரின் கீழ்ப்பாகம் பொரிந்து போயிருந்தது. ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, தடுக்கும் ரசாயனம் கலந்த சிமெண்ட் பூச்சு போட்டு, மேலே வால் புட்டி, அதன்மேல் பெயிண்ட். 2024 ஏப்ரலில் முடித்தார்கள், 41,000 ரூபாய். புது வீடு மாதிரி பளபளவென்று இருந்தது. அந்த வருஷக் கார்த்திகை மழையில் பெயிண்ட் உப்பிக்கொண்டது. விரலால் அமுக்கினால் உள்ளே மாவு மாதிரி உப்பு. தட்டினால் சுவர் பானை மாதிரிச் சத்தம் போட்டது. அதைவிட மோசம், முன்பு இரண்டு அடி உயரத்தில் நின்ற ஓதம் இப்போது சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்தையும் தாண்டி அஞ்சு அடிக்கு ஏறியிருந்தது. அதற்கு மேலே இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு மட்டும் அசையவில்லை.

காரணம் எளிது, அன்றைக்கு எங்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது, வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறுகிறது, அது கொண்டுவரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து அதையே தள்ளுகிறது. சிமெண்ட் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. சிமெண்டில் கட்டிய வீட்டுக்கு அது சரி. எங்கள் சுவருக்கு அது ஆகவில்லை.

இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு பழைய கொத்தனார் தாத்தா, எழுபதைத் தாண்டியவர், தையல் கடைத் தோழிக்குத் தெரிந்தவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுதும்மா இதுக்கு" என்றார். கூலிக்கு ஆள் வைத்து முழுதும் செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டோம். அவர் சொன்ன தொகை அப்போது எங்களிடம் இல்லை. நாங்களே பூசினால் சொல்லித் தருவீர்களா என்று கணக்கு டீச்சர் கேட்டாள். கொஞ்ச நேரம் எங்கள் அஞ்சு பேரையும் பார்த்தார். "எப்ப வருவிய?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றோம். "அப்பம் சிமெண்டு ஒங்களுக்கு ஆவாது. சிமெண்டு நம்மள வெரட்டும். சுண்ணாம்பு நமக்காவக் காத்துக் கெடக்கும்."

இந்த ஒரு காரணத்துக்காகவே கல் சுண்ணாம்புக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சிமெண்ட் கலவையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் அரை மணி, முக்கால் மணிக்குள் பூசி முடிக்க வேண்டும். கை பழகாதவர்களால் அது முடியாது. பாதிச் சட்டி இறுகிப்போகும், பூசிய இடத்தைச் சரிபண்ணவும் நேரமிருக்காது. நீற்றிய, அதாவது தண்ணீரில் போட்டுக் குழைய வைத்த சுண்ணாம்பை டிரம்மில் போட்டு மேலே ஒரு சாண் தண்ணீர் நிறுத்தி மூடிவைத்தால் மாசக்கணக்கில் கெடாது, நாளாக ஆக இன்னும் நன்றாகிறது. கலந்த சாந்து மிஞ்சினால் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மிதித்துப் பிசைந்தால் அப்படியே இளகி வருகிறது. டீச்சருக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் தாமதமானாலும், ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராமல் போனாலும் சாமான் வீணாகவில்லை. தோழிகளை வைத்துச் செய்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். கல் சுண்ணாம்பு பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். கடையின் பேரை எழுதவில்லை, அண்ணாச்சிதான் வேண்டாம் என்றார். அவருக்கு வருகிற சரக்கே கொஞ்சம், கூட்டம் வந்தால் இல்லையென்று சொல்லத் தனக்குச் சங்கடம் என்றார். ஆனால் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. போன உடனே மூட்டையைத் தூக்கிப் போடவில்லை. எந்த வீடு, என்ன சுவர், யார் பூசுவது என்று கேட்டார். பிறகு ஒரு கல்லை எடுத்து எங்கள் முன்னால் தண்ணீரில் போட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் சீறி, வெடித்து, கொதித்து, மலர்ந்து பொடியாகியது. "இப்படி மலந்தா வாங்குங்க. சும்மா கெடந்தா அது சரியா வேகாத கல்லு, இல்லேன்னா காத்துப்பட்டுச் செத்த கல்லு" என்றார். இன்னொன்றும் சொன்னார், நன்றாக வெந்த கல் கையில் எடுத்தால் கனமில்லாமல் இருக்கும், வேகாதது கல் கனம் கனக்கும். மூட்டையில் கட்டி குறைவாகவும் பொடி அதிகமாகவும் இருந்தால் அது ஏற்கெனவே காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், பூச்சுக்கு வாங்காதீர்கள். பாக்கெட்டில் வரும் பொடிச் சுண்ணாம்பும் அவரிடம் இருந்தது. வெள்ளையடிக்க அது போதும், பூச்சுக்குக் கல்லை வாங்கி நீங்களே நீற்றுங்கள் என்றார். லாபம் எதில் அதிகமோ அதைத் தள்ளிவிடாமல் சொன்ன மனுஷர்.

நாங்கள் வாங்கியபோது 25 கிலோ மூட்டை 400 ரூபாய். ஆறு மூட்டை வாங்கினோம்.

நீற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கல் சுண்ணாம்பு என்பது சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் (சூளையில்) 900 டிகிரி அளவுக்குச் சூடேற்றிச் சுட்டது. தண்ணீர் பட்டதும் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொதிக்கும். நெருப்பே இல்லாமல் ஆவி பறக்கும். டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் குவித்துவைத்து மேலே தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிள்ளைகளைப் புறவாசல் பக்கமே விடாதீர்கள். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை. இவ்வளவும் தாத்தா சொல்லியிருந்தார், வாங்கியும் வைத்திருந்தோம். ஆனாலும் இரண்டாவது மூட்டையின்போது வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிய ஒரு நிமிஷத்தில் தையல் கடைக்காரிக்குக் கண்ணோரம் தெறித்துவிட்டது. மருந்துக் கடைத் தோழி அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, அவள் போதும் போதும் என்று கத்தியும் விடாமல், இருபது நிமிஷம் கண்ணில் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரி. சிவப்போடு போய்விட்டது, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இருபது நிமிஷம்தான் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டுச் சுவருக்காக அவள் கண். மறுநாள் அவளே போன் பண்ணி, "ஏட்டி, அடுத்த மூட்டை எப்பம்?" என்றாள்.

நீற்றியதைக் கொசுவலையில் வடித்து, இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீருக்கடியில் போட்டோம். பொங்கல் கழிந்து போட்டது, மாசி கடைசியில்தான் எடுத்தோம். அப்போது அது வெண்ணெய் மாதிரி இருந்தது. கரண்டியால் வெட்டினால் ஒரு கட்டி தட்டுப்படவில்லை.

அந்த ஒன்றரை மாசத்தில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். மெஷின் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தாத்தா சம்மதிக்கவில்லை, மெஷின் அதிர்ச்சியில் பழைய செங்கல் உடைந்துவிடும் என்றார். உளி, சுத்தியல்தான். கையெல்லாம் கொப்புளம். இந்த வேலையைப் பற்றி எழுத நல்லதாக ஒன்றுமில்லை. கொத்திய சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உப்பை உதறி, ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு ஒரு மாசம் சும்மா விட்டோம். இதைத் தவிர்க்காதீர்கள். முதலில் பட்ட 41,000 ரூபாய் அடியில் பாதி இந்த ஒரு மாசத்தை விடாததால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மணல். தாமிரபரணி ஆற்றங்கரையில் இருந்துகொண்டே ஆற்று மணலுக்கு நாங்கள் ஆசைப்படவில்லை. நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில் 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை போட்டதே, அந்த வழக்கால் மிஞ்சிய மணல் ஆற்றிலேயே கிடக்கட்டும். பாறையை உடைக்கும் கிரஷரில் கழுவிய பி சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) கால் யூனிட் வாங்கினோம். சுண்ணாம்புக்கும் நன்றாகத்தான் பிடித்தது. கழுவாத சாண்டில் தூசி அதிகம், வெடிப்பு வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடுக்காய்த் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் 3 கிலோ வாங்கி இடித்து, உடன்குடிக் கருப்பட்டி 3 கிலோவோடு ஊறப்போட்டுப் பதினைந்து நாள் வைத்தோம். புளித்து நுரைத்து ஒரு வாடை வரும், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைச் சாந்தில் கலந்தால் சாந்து வழுக்கிக்கொண்டு கரண்டியோடு வரும், காய்வதும் மெதுவாகும். கருப்பட்டியில் ஒரு வட்டை ஆச்சி தனியாக எடுத்து ஒளித்துவைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கலவை மேல்பாகத்துக்கு ஒன்றுக்கு மூன்று, ஒரு சட்டி சுண்ணாம்புக்கு மூன்று சட்டி சாண்ட். தரையிலிருந்து இரண்டு அடி வரை ஈரம் அதிகம் என்பதால் அங்கே ஒரு சட்டி சுண்ணாம்பு, ஒரு சட்டி செங்கல் பொடி, இரண்டு சட்டி சாண்ட். வெள்ளத்தில் இடிந்த புறவாசல் சுவரின் நாட்டுச் செங்கலையே இடித்துச் சலித்தோம். செங்கல் பொடி சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும், வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும்.

பூச்சு நாட்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. தாத்தாவோடு ஒரு சித்தாள் அக்கா வந்தார்கள். இருபது வருஷமாகக் கட்டட வேலை. இருபது வருஷமும் சாந்துச் சட்டியும் செங்கலும் சுமந்ததுதான், ஒரு நாளும் கரண்டியைக் கையில் கொடுத்ததில்லையாம். நம் ஊரில் அது அப்படித்தான், கொத்தனார் என்றால் ஆண், பெண் என்றால் எத்தனை வருஷமானாலும் சித்தாள், கூலியும் பாதிக்கு ஒட்டித்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை தாத்தா எங்களுக்கு எறிவதற்குச் சொல்லிக் கொடுத்தார். சுவரை நனைத்து, கரண்டியில் சாந்தை எடுத்து மணிக்கட்டை ஒரு சுண்டுச் சுண்டி அடிக்க வேண்டும், தடவக் கூடாது. எங்களுக்குப் பாதி தரையில் விழுந்தது. அக்கா சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடைக்காரி தன் கரண்டியை அவர்களிடம் நீட்டி, "நீங்க போடுங்கக்கா" என்றாள். அக்கா தாத்தாவைப் பார்த்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா எறிந்த முதல் கரண்டி சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மட்டக்கோலைப் பிடித்து இழுத்துச் சமப்படுத்தவும், மணியாசுக்கட்டை போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கவும் அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கரண்டி பிடித்த நாலு நாளைக்கும் கொத்தனார் கூலியே கொடுத்தோம். எங்கள் வீட்டு வடக்குச் சுவர் முழுக்க அந்த அக்கா பூசியது, இருப்பதிலேயே அதுதான் நேரான சுவர். ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று.

எங்கள் சுவர்கள் அவ்வளவு நேரில்லை. ஆனால் சுண்ணாம்பு திருத்த விடுகிறது. காலையில் பூசியது சாயங்காலமும் இளக்கமாகவே இருக்கும், பள்ளத்தை நிரப்பலாம், மேட்டைச் சீவலாம். டீச்சர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து ஒரு மூலையை மூன்று தடவை எடுத்துப் போட்டாள், சாந்து கோபித்துக்கொள்ளவில்லை.

இனி குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை, படித்துவிட்டு வாங்குங்கள்.

நாங்கள் பூசியது பங்குனி, சித்திரை. நம் ஊர் வெயிலுக்கு அது தப்பான மாசம். சுண்ணாம்பு இறுகுவது காய்வதால் அல்ல, காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குடித்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தில் ஒரே தடவையில் கனமாகப் பூசிவிட்டு ஃபேனையும் போட்டுவிட்டுப் படுத்தோம், காலையில் சுவர் முழுக்க நூல் வெடிப்பு. அதைக் கொத்தித் திரும்பப் போட்டோம். அதன்பிறகு பெருவிரல் கனத்துக்குமேல் போடவில்லை, அதையும் இரண்டு அடுக்காகப் போட்டோம், ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய பாடு. எங்கள் வீட்டில் ஆச்சி இருந்ததால் நடந்தது. என்னைக் கேட்டால் மார்கழி, தையில் பூசுங்கள்.

அடுத்தது, பொரி வெடிப்பு. கடைசி மூட்டையை அவசரத்தில் ஒரு வாரத்துக்கு முன்புதான் நீற்றினோம், சரியாக வடிக்கவும் இல்லை. அந்தச் சாந்து போன உள் அறைச் சுவரில் ஒரு மாசம் கழித்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அங்கங்கே தெறித்துப் பள்ளம் விழுந்தது. உள்ளே நீறாமல் நின்ற சின்னச் சின்னக் கட்டி ஈரம்பட்டு மலர்ந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. பதினெட்டு இடம் எண்ணினேன். தண்ணீருக்கடியில் ஒன்றரை மாசம் இருந்த சுண்ணாம்பில் ஒரு இடம்கூட இல்லை.

ஆணி அடிக்கவும் உடனே முடியாது. நாங்கள் நாலு மாசம் படம் மாட்டவில்லை. கனமான அலமாரியைப் பூச்சை நம்பி மாட்டவே மாட்டாதீர்கள், செங்கல் வரைக்கும் துளை போட்டுத்தான் மாட்ட வேண்டும். கைத்தோல் வறண்டு வெடித்தது, ரப்பர் உறைக்குள்ளும் போய்விடுகிறது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போட்டால் கொஞ்சம் தேவலை.

வெள்ளையடிப்பு தனிக் கதை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே பால் மாதிரிக் கரைத்து முதல் கை அடித்தோம், அது சுவரோடு சேர்ந்துகொண்டது, தேய்த்தாலும் வரவில்லை. பட்டாசலில் காய்ந்த சுவரில் அடித்தது கையில் ஒட்டுகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் வெள்ளை. உப்புப் போட்டால் ஒட்டாது என்று சிலர் சொன்னார்கள், ஏற்கெனவே உப்பால் பட்ட சுவர், நான் போடவில்லை. மறுபடி சுவரை நனைத்து நீர்க்கக் கரைத்து மூன்று கை அடித்த பிறகு சரியானது. கனமாக ஒரு கை அடிப்பதைவிடத் தண்ணியாக நாலு கை மேல். மயில்கழுத்துப் பச்சை, ரோஜா நிறமெல்லாம் வேண்டுமென்றால் சுண்ணாம்பில் எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் காவி, மஞ்சள், லேசான நீலம் மாதிரி நிறங்கள்தான். எனக்கு வெள்ளையில் ஒரு துளி நீலம் போட்டதே பிடித்திருக்கிறது, அறைக்குள் வெளிச்சம் குளிர்ச்சியாக விழுகிறது.

செலவு கேட்பீர்கள். சுண்ணாம்பு 2,400, சாண்ட் வண்டி வாடகையோடு 1,800, கடுக்காயும் கருப்பட்டியும் 1,650, டிரம் இரண்டு 1,800, தாத்தாவுக்கு எட்டு நாள் கூலி 8,800, அக்காவுக்கு 5,700, கண்ணாடி, கையுறை, சாக்கு எல்லாம் சேர்த்து 23,000-க்குள் முடிந்தது. இதில் பூசியது 500 சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். தோழிகளின் உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை, அதற்கு விலை போட நான் யார். ஆறு ஞாயிற்றுக்கிழமையும் அத்தை சொதி, இஞ்சித் துவையல், கூட்டாஞ்சோறு என்று மாற்றி மாற்றிச் சமைத்தார்கள், அந்தச் செலவும் இதில் இல்லை.

இப்போது சுவர் எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் தரையோடு ஒட்டி ஒரு முக்கால் அடிக்கு நிறம் மங்கியது. அது ஓதம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மழை விட்டு வெயில் வந்ததும் ஒரு வாரத்தில் காய்ந்து வெளுத்துவிட்டது. உப்பல் இல்லை, உரியவில்லை, அந்தப் பழைய புழுக்க வாடை போய்விட்டது. பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஒரு இடத்தில் லேசாக உப்புப் பூத்திருந்தது, காய்ந்த பிரஷ்ஷால் உதறிவிட்டேன், பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டேன். சுண்ணாம்பு ஓதத்தை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஓதத்தோடு சேர்ந்து வாழச் சுவருக்கு வழி பண்ணுகிறது, அவ்வளவுதான். அடுத்த வெள்ளம் வந்தால் தாங்குமா என்றும் கேட்கிறார்கள். இடுப்பளவு தண்ணீர் நின்றால் எந்தப் பூச்சும் ஊறும், பிறகு அதைக் காயவிடுகிற பூச்சா இல்லையா என்பதுதான் விஷயம். ஆற்றின் குறுக்கே சுலோசன முதலியார் பாலம் 1843-இல் கட்டியது, சிமெண்ட் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அந்த டிசம்பர் வெள்ளத்திலும் நின்றது. ஜங்ஷனுக்குப் போகும்போதெல்லாம் இப்போது அதன் கல்லிடுக்கைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

அந்தச் சித்தாள் அக்கா இப்போது இரண்டு வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்திருக்கிறார்கள், கூட ஒரு சித்தாளும் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பெண்ணுக்கும் எறியச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். எங்கள் வீட்டில் அரை டிரம் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது, தண்ணீர் குறையக் குறைய ஆச்சி ஊற்றிவைக்கிறாள். மேலப்பாளையத்தில் தையல் கடைக்காரியின் வீட்டு அடுக்களைச் சுவரும் பொரிந்துதான் கிடக்கிறது. பொங்கல் கழிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறோம். கண்ணாடி அஞ்சு புதிதாக வாங்கிவிட்டேன், தலைக்குப் பின்னால் வார் போட்டு இறுக்குகிற மாதிரி.